ஏழேகால் மணி

"பள்ளிக்கூடத்துக்கும் போகல, விடியவும் எந்திரிக்கல. இவன் எந்த ஊர்க் கணக்குல வளருதான்?"

அத்தை இதைக் கேட்டது போன ஆடி மாதம், பகல் பதினொன்றரை மணிக்கு. வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. மூத்தவன் நடுவறையில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தான். அத்தை கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவர்கள் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்கள், எனக்குப் பதில் தெரியவில்லை. அடுப்பைப் பார்க்கப் போவதுபோல உள்ளே போய்விட்டேன். அந்தக் கேள்வி மட்டும் பல மாதம் கூடவே வந்துகொண்டிருந்தது. அவனைப் பள்ளியிலிருந்து நிறுத்தியதற்குச் சொன்ன காரணங்களில் முதல் காரணமே தூக்கம்தான். அந்தத் தூக்கத்தை வைத்தே ஒருவர் என்னை மடக்கும்போது எப்படி இருக்கும் என்று, வீட்டுக்கல்வியில் இருக்கிற அம்மாக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எட்டாம் வகுப்பில் அவனுக்கு வேன் ஆறு ஐம்பதுக்கு வரும். பள்ளி முடிந்து டியூஷன், வீட்டுக்கு வர இரவு எட்டரை, அதற்கப்புறம் வீட்டுப்பாடம். பதினொரு மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழுந்தான். சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தபடியே தூங்கிப்போன நாட்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம்வரை தூங்குவான். அதைச் சோம்பல் என்று நானே திட்டியிருக்கிறேன். அப்புறம்தான் தெரிந்தது, அமெரிக்கத் தூக்க மருத்துவர்களின் சங்கம் 2016-ல் ஒரு கணக்கு சொல்லியிருக்கிறது. 6 முதல் 12 வயதுவரை 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும். என் பிள்ளை ஆறு மணி நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தான். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரக் கடன், வாரத்துக்குப் பன்னிரண்டு பதினான்கு. அதில் கொஞ்சத்தைத்தான் ஞாயிற்றுக்கிழமை அடைத்திருக்கிறான். அதற்கும் திட்டு.

அதே வருஷம் அங்கே வெளிவந்த இன்னொரு ஆய்வையும் சொல்ல வேண்டும். டென்வரில் ஒரு மருத்துவமனையைச் சேர்ந்த லிசா மெல்ட்சர் என்ற ஆய்வாளர், 2,612 மாணவர்களின் தூக்கத்தை விசாரித்தார். அதில் ஐந்நூறு பேருக்கு நெருக்கமானவர்கள் வீட்டில் படிப்பவர்கள். பதின்பருவத்தில் வீட்டில் படிப்பவர்கள், பள்ளிக்குப் போகிறவர்களைவிட ஓர் இரவுக்கு ஒன்றரை மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள். போதுமான தூக்கம் கிடைத்தவர்கள் வீட்டில் படிப்பவர்களில் 55 சதவீதம், பள்ளிப் பிள்ளைகளில் 24.5 சதவீதம். பள்ளிப் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பு தொடங்கிப் பதினெட்டு நிமிடம் கழித்துத்தான், சராசரியாக, இவர்கள் கண்ணே விழித்தார்கள். கல்யாண வீட்டில், கோயில் கொடையில், யார் கேட்டாலும் இந்தக் கணக்கைச் சொல்வேன். அவர்களுக்கு அது என்ன புரிந்ததோ, எனக்குத் தைரியமாக இருந்தது.

அப்படித் தைரியமாக நிறுத்தியவனைத்தான், இரண்டு வருஷம் கழித்து, பதினொன்றரை மணிக்கு எழுப்ப முடியாமல் நின்றேன்.

எங்கள் வீட்டு இரவு

எங்கள் ஊர் செங்கோட்டை 1956-ல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டாலும், எங்களைப் போன்ற குடும்பங்களின் பிழைப்பு இன்னும் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கேரளத்தை நம்பித்தான். என் வீட்டுக்காரர் பாவூர்சத்திரத்தில் காய்கறி எடுத்து புனலூர்க் கடைகளுக்கு ஏற்றிவிடுகிறார். லோடு ராத்திரிதான் போகும். புளியரை தாண்டி எஸ் வளைவில் ஒரு லாரி மக்கர் பண்ணினால் போதும், முன்னும் பின்னும் மைல் கணக்கில் நிற்கும். அவர் வீட்டுக்கு வர ஒரு மணி ஆகும், சில நாள் இரண்டும் ஆகும். வந்ததும் முன்னறை விளக்கு, அடுப்படி விளக்கு, கூடவே டிவியும். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை வீடு பகலாக இருக்கும். மூத்தவனும் அப்பாவோடு உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுவான். பகலில் அப்பாவைப் பார்க்கவே முடியாத பிள்ளைக்கு அந்த அரை மணி நேரம் எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். அதனால் போய்ப் படு என்று சொல்ல வாய் வரவில்லை.

பள்ளி இருந்தபோது இதெல்லாம் ஒரு பொருட்டாக இல்லை, ஐந்து மணி அலாரம் எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்து வைத்திருந்தது. அலாரம் போனதும் முதல் வருஷம் எட்டு மணிக்கு எழுந்தான், முகம் தெளிந்தது. இரண்டாம் வருஷம் ஒன்பதானது, அப்புறம் பத்து. ஆடிச் சாரலில் பதினொன்றையும் தாண்டிவிட்டது. எங்கள் வீடு தெருவில் இரண்டு பக்கமும் சுவரை ஒட்டிக் கட்டிய நீள வீடு. நடுவறைக்கு ஜன்னலே கிடையாது, பகலிலும் டியூப்லைட் போட வேண்டும். குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்குச் சாரல் ஒரு கொண்டாட்டம். எங்களுக்கு அந்த இரண்டு மூன்று மாதமும் வெயில் முகம் காட்டாத காலம். மழை, குளிர், வெளியே போக ஒரு வேலையும் இல்லாத ஒரு பையன். சில நாள் சாயங்காலம் நான்கு மணிக்குத்தான் அவன் வாசலுக்கே வந்தான்.

வீட்டுக்கல்வி நண்பர்களிடம் கேட்டேன். பாதிப் பேர் சொன்னது, "இயல்பா விட்டுடுங்க. உடம்புக்கு எப்பத் தூங்கணும்னு தெரியும்." நானும் அதை நம்பினேன், பல மாதம் நம்பினேன். பசித்தால் சாப்பிடட்டும், ஆசை வந்தால் படிக்கட்டும் என்று விட்டதில் நல்லதுதான் நடந்திருந்தது. தூக்கத்தில் மட்டும் ஏன் எல்லாம் கெடுகிறது என்று புரியவில்லை. இன்னொரு பக்கம் அத்தையும் வீட்டுக்காரரும். விடியக்காலம் படித்தால்தான் மனதில் நிற்கும் என்று கடுங்காப்பி கொடுத்து நான்கு மணிக்கு எழுப்பி வளர்க்கப்பட்ட தலைமுறை நாங்கள். ஒரு வாரம் அந்த முறையையும் பார்த்தோம். அவனை ஐந்து மணிக்குத் தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், புத்தகம் மடியில் திறந்தபடி இருந்தது. மதியம் சாப்பிட்டுப் படுத்தவன் ஐந்து மணிக்கு எழுந்தான். ராத்திரி மறுபடி மூன்று மணி. நான்காம் நாள் எல்லோரும் ஓய்ந்துவிட்டோம். அதற்கப்புறம் நான் போட்ட சட்டம், ஒன்பது மணிக்குப் போன் அடுப்படியில் சார்ஜுக்குப் போக வேண்டும், ஒன்பதரைக்கு விளக்கு அணைய வேண்டும், படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது. அவனும் மறுக்கவில்லை. மறுக்காததால் தூங்குகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

திண்ணையில் ஒரு ராத்திரி

ஆவணி தொடக்கம். எஸ் வளைவில் ஏதோ பெரிய வண்டி குறுக்கே நின்றுவிட்டது என்று வீட்டுக்காரர் போனில் சொன்னார். இரண்டரை மணி இருக்கும். எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. முன்னறைக்கு வந்தால் வாசல் கதவு வெறுமனே சாத்தியிருக்கிறது, உள்தாழ்ப்பாள் இல்லை. நெஞ்சு ஒரு நிமிடம் நின்றுவிட்டது. திறந்து பார்த்தால் திண்ணையில், இருட்டில், முழங்காலைக் கட்டிக்கொண்டு அவன் உட்கார்ந்திருக்கிறான்.

முதலில் அவன் கையைத்தான் பார்த்தேன். போன் இல்லை. அது அடுப்படியில் நான் வைத்த இடத்திலேயே இருந்தது. இதை எழுதும்போதும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. பிள்ளை தனியாக இருட்டில் உட்கார்ந்திருக்கிறான், ஏன் என்று கேட்பதற்கு முன்னால் குற்றத்துக்குச் சாட்சி தேடியிருக்கிறேன்.

"என்னப்பா இங்க?"

"ஒன்பதரையிலருந்து படுத்துதாம்மா கிடந்தேன். வரல. தினமும் வரல. புரண்டா கட்டில் சத்தம் கேட்டு நீ எந்திரிச்சிருவன்னு இங்க வந்தேன்."

"தினமுமா?"

"தினமும்தான்."

பக்கத்தில் உட்கார்ந்தேன். மெயின் ரோட்டில் லாரிகள் கியர் மாற்றும் சத்தம் தூரத்தில் கேட்டது. அவன் அந்தச் சத்தங்களை எனக்குச் சொல்லித் தந்தான். இது ஏற்றத்துக்கு முன்னால் இரண்டாவது கியருக்கு வருகிறது, இது சிமென்ட், கனமான லோடு, இது வெறும் வண்டி, அந்தப் பக்கமிருந்து திரும்பி வருகிறது. எத்தனை இரவு உட்கார்ந்திருந்தால் இது தெரியும்! ஒன்பதரையிலிருந்து மூன்று மணிவரை, ஐந்தரை மணி நேரம், சட்டத்துக்குப் பயந்து இருட்டில் கிடந்திருக்கிறான். விடிந்தால் எழ முடியாமல் பாட்டியிடம் சோம்பேறிப் பட்டம். "எனக்கு என்னமோ கோளாறும்மா, மத்தவங்களுக்கு வர்ற மாதிரி எனக்கு வரல," என்றான். அவன் குரலில் புகாரே இல்லை. தனக்கு ஒரு குறை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டுவிட்டவன் பேசுவதுபோல இருந்தது. அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் அவன் அப்பா வரும்வரை அங்கேயே இருந்தோம்.

தூக்கத்தைப் பற்றி அதற்கு முன்னால் நான் படித்ததெல்லாம் எத்தனை மணி நேரம் என்ற ஒரே கேள்விக்கு. அதற்கப்புறம்தான் எப்போது என்று படித்தேன். பதின்பருவத்தில் உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது. இருட்டியதும் மூளைக்கு இரவு வந்ததைச் சொல்கிற மெலடோனின் இவர்களுக்குத் தாமதமாகவே சுரக்கத் தொடங்குகிறது. சின்ன வயதோடு ஒப்பிட்டால் இரண்டு மணி நேரம்வரைகூடத் தள்ளும். பகல் முழுக்கச் சேர்கிற தூக்க பாரமும் சின்னப் பிள்ளைகளுக்கு ஏறுகிற வேகத்தில் இவர்களுக்கு ஏறுவதில்லை. பிரவுன் பல்கலைக்கழகத்தில் மேரி கார்ஸ்கேடன் பல வருஷங்களாக இதைத்தான் ஆராய்ந்திருக்கிறார். இதை வைத்துத்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 2014-ல், பெரிய பிள்ளைகளின் பள்ளிகள் எட்டரைக்கு முன்னால் தொடங்கக் கூடாது என்றார்கள். கலிபோர்னியாவில் 2022-லிருந்து உயர்நிலைப் பள்ளிகளுக்கு அது சட்டமாகவே நடைமுறையில் இருக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். மலைக்கு அந்தப் பக்கம் அக்கா வீட்டில், அரசுப் பள்ளிக்கு நெடுங்காலமாகப் பத்து மணிதான் கணக்காக இருந்தது. அக்கா மகன் புட்டு சாப்பிட்டு, பேப்பர் பார்த்துவிட்டு, நிதானமாகக் கிளம்புவான். ஒரு மணி நேரப் பயணத் தூரத்தில் இருந்தும் அதை நான் ஒரு விஷயமாகவே எண்ணியதில்லை.

ஆக, ஒன்பதரைக்குப் படு என்று நான் சொன்னது அவன் உடம்பிடம் முடியாததைக் கேட்டது. ஆனால் விட்டுவிடுங்கள் என்று சொன்ன நண்பர்களும் ஒன்றை விட்டுவிட்டார்கள். மனித உடம்பின் கடிகாரம் சரியாக இருபத்துநாலு மணி நேரத்தில் சுற்றுவதில்லை, பெரும்பாலோருக்குச் சில நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. அதைத் தினமும் திருப்பி வைப்பது வெளிச்சம். பார்ப்பதற்கென்று இருக்கிற செல்களைத் தவிர, வெளிச்சம் வந்துவிட்டதா என்று மட்டும் மூளைக்குச் சொல்ல விழித்திரையில் தனியாகச் சில செல்கள் இருக்கின்றன. காலை வெளிச்சம் பட்டால் கடிகாரம் முன்னால் வருகிறது, ராத்திரி வெளிச்சம் பட்டால் பின்னால் போகிறது. என் பிள்ளைக்குக் காலை வெளிச்சம் அறவே இல்லை, நள்ளிரவு ஒரு மணிக்கு முன்னறை டியூப்லைட். பசி உள்ளேயிருந்து வரும், சரி. தூக்கத்துக்கு நேரம் குறித்துக் கொடுப்பது சூரியன். அந்தச் சூரியனை நான்கு சுவர் வைத்து மறைத்துவிட்டு, இயல்பு பார்த்துக்கொள்ளும் என்று நாங்கள் காத்திருந்தோம்.

காலையைப் பிடித்தோம்

அதற்கப்புறம் ராத்திரியைப் பற்றி நான் பேசுவதை நிறுத்தினேன். தூக்கம் கண்ணைச் சொக்கினால் படு, அதுவரை நடுவறைச் சின்ன விளக்கில் எதையாவது படி, ஒட்டு, பிரி, வரை. போன் மட்டும் அடுப்படியில். படுத்து வெகுநேரம் தூக்கம் வராவிட்டால் எழுந்து உட்கார், திண்ணைக்கும் போகலாம், என்னிடம் சொல்லிவிட்டுப் போ. இதைச் சொன்னபோது அவன் முகத்தில் வந்த நிம்மதியை நான் மறக்கமாட்டேன். காலை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழுகிற நேரம் ஒன்றுதான், ஞாயிற்றுக்கிழமையும். ஐந்து மணிக்கு எழுப்பிப் பார்த்த முட்டாள்தனத்தைத் திரும்பச் செய்யவில்லை. பதினொன்றரையில் இருந்தவனைப் பதினொன்றில் நிறுத்தி, அப்புறம் இரண்டு மூன்று நாளுக்குக் கால் மணி நேரம் வீதம் முன்னால் கொண்டுவந்தோம். ஒன்றரை மாதம் பிடித்தது. எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்று பேசும்போது நான் ஏழரை என்றேன். "ஏழரைன்னு சொல்லி நல்ல காரியத்தத் தொடங்காத," என்றார்கள் அத்தை. ஏழேகால் ஆனது.

எழுந்தால் மட்டும் போதாது, வெளியே போக வேண்டும். டியூப்லைட் போட்ட அறையில் முந்நூறு லக்ஸ் வெளிச்சம் இருந்தாலே பெரிது. மேகம் மூடிய சாரல் நாளிலும் வெட்டவெளியில் ஆயிரக்கணக்கில் இருக்கும். அதனால் மழை ஒரு சாக்காக முடியாது, குடை போதும். ஆனால் பதினைந்து வயதுப் பையனை வெளிச்சம் வாங்க நட என்று அனுப்பினால் எத்தனை நாள் போவான்? மூன்று நாள் போனான். நான்காம் நாள் திண்ணையோடு திரும்பிவிட்டான்.

அப்போது வழி கண்டது அத்தைதான். எங்களுக்குப் பால், வயலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு தொழுவிலிருந்து வருகிறது, காலையில் அத்தையே தூக்குவாளியோடு போய் வாங்கி வருவார்கள். ஒரு நாள் வாளியை அவன் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு, "முழங்கால் முடியல. நாளையிலருந்து நீ வாங்கிட்டு வா, வந்தாத்தான் காப்பி," என்றார்கள். முழங்கால் வலி பொய்யில்லை. ஆனால் ஐம்பது வருஷமாக ஐந்தரை மணிக்குக் காப்பி குடித்து வந்தவர்கள் அவர்கள். அவன் கணக்கில் அன்றைக்கு எழுகிற நேரம் ஒன்பது மணி. ஒன்பதரைவரை காப்பி இல்லாமல் இருந்தார்கள். முதல் நாள் தலைவலி வந்து திண்ணையில் சுருண்டு படுத்துவிட்டார்கள். நான் பாக்கெட் பால் வாங்கிப் போட்டுத் தருகிறேன் என்றேன், கேட்கவில்லை. "பய ஓடி வருவான் பாரு," என்றார்கள். வாளியில் பால் தளும்பித் தளும்பி, பாதி நனைந்து, மூச்சிரைக்க வந்தான். அதற்கப்புறம் நான் அவனை எழுப்ப வேண்டிய நாட்கள் குறைந்துகொண்டே வந்தன.

மற்றதெல்லாம் சின்னச் சின்ன வேலைகள். முன்னறையில் டியூப்லைட்டுக்குப் பதிலாக ஒரு மங்கலான மஞ்சள் பல்பு, அப்பா சாப்பாடு அடுப்படியில், கதவைச் சாத்திக்கொண்டு. அப்பாவும் மகனும் பேசும் நேரம் மதியச் சாப்பாட்டுக்கு மாறியது. அவர் லோடு ஏற்றப் போகும் முன் இரண்டு பேரும் சேர்ந்து உட்காருகிறார்கள், கணக்கு நோட்டையும் அவனே எழுதுகிறான். சாயங்காலக் காப்பி அவனுக்கு நிறுத்தம். காப்பியில் தூக்கத்தைக் கெடுக்கிற கஃபீனில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். ஆறு மணிக்கு ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் பதினொரு மணிக்குத் தூக்கம் வரவில்லை என்றால் யார் குற்றம்? பதிலுக்கு அத்தை மல்லியும் சுக்கும் தட்டிப் போட்டுத் தருகிறார்கள். கட்டிலையும் கிழக்கு ஜன்னல் இருக்கிற மாடி அறைக்கு ஏற்றினோம்.

சின்னவளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஒன்பது வயது. அண்ணனைப் பார்த்துப் பார்த்து அவளும் பதினொரு மணிவரை விழித்திருந்தாள், காலையில் நசநசவென்று அழுகை. அவள் வயதுக் கடிகாரமே வேறு. எட்டரைக்கு விளக்கை அணைத்துக் கதை சொன்னால் ஒன்பதுக்குள் தூங்கிவிடுகிறாள், ஆறரைக்குத் தானாக எழுந்து பாட்டி பின்னாலேயே திரிகிறாள். ஒரே வீட்டில் இரண்டு கால அட்டவணை வைத்துக்கொள்ள முடிவதுதான் வீட்டுக்கல்வியில் எனக்குக் கிடைத்த பெரிய வசதி என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் அவள் கொஞ்ச நாள் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டாள். அதை வழக்கம் என்று விடாமல் டாக்டரிடம் காட்டினோம். குறட்டை, தூக்கத்தில் மூச்சுத் திணறல், படுத்தால் காலை உதைத்துக்கொண்டே இருப்பது, பல வாரமாக மனம் சோர்ந்திருப்பது, இதற்கெல்லாம் நேர அட்டவணை மருந்தாகாது. மூத்தவனையும் கூட்டிப்போய் இரும்புச்சத்து பார்த்தோம். கடையில் மெலடோனின் மாத்திரை கிடைக்கிறதாமே என்று ஒரு தோழி கேட்டாள். டாக்டர் சொல்லாமல் பிள்ளைக்கு அதைக் கொடுக்காதே என்று அவளிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னேன்.

மூத்தவன் இப்போது தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் படிக்கிறான். பதினொரு மணிக்குத் தூங்குகிறான், சில நாள் பன்னிரண்டு. பத்து மணிக்குத்தான் கணக்கை எடுக்கிறான், அதற்கு முன்னால் எடுக்கச் சொன்னால் எனக்கும் அவனுக்கும் நாள் கெட்டுப்போகிறது. கார்த்திகையில் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தான், எல்லாம் சரிந்து ஒன்பதரைக்கு வந்தது, திரும்பக் கால் மணி கால் மணியாக ஏற்றினோம். எஸ் வளைவில் வண்டி நிற்கிற ராத்திரிகளில் அவன் இன்னமும் எழுந்து திண்ணைக்கு வருகிறான். வந்து, மாடிப்படியில் நின்று, "எம்மா, திண்ணையில இருக்கேன்," என்று சொல்லிவிட்டுப் போகிறான்.

இந்த ஆடியும் சாரல் நன்றாகப் பிடித்திருக்கிறது. நேற்று ஏழு நாற்பதுக்கு மழை கொஞ்சம் பலத்தது. அத்தை வாசலில் காலை நீட்டிக்கொண்டு, அடுப்பில் டிகாஷன் தயாராக இருக்க, வயல் பக்கம் பார்த்தபடி இருந்தார்கள். வரப்பில் கறுப்புக் குடை தெரிந்ததும், "வந்துட்டான், பால் சட்டிய வையி," என்றார்கள்.